மேகத்துக்குக் கீழே

மார்ச் 4
சாயங்காலத் தரையிறக்கம். மேகத்துக்கு மேலே கண்ணைக் குத்தும் வெயில். கீழே வந்தால் ஊரே இருட்டிக் கிடந்தது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். இன்று பழகவே இல்லை. ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பது தெரியவில்லை. "மேடம், நான் எடுத்துக்கட்டுமா?" என்றான் துணை விமானி. விமானத்தை அவனிடம் கொடுத்துவிட்டேன். அலுப்பு என்று பூசி மெழுகினேன்.

மார்ச் 9
வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவள் மகளின் சைக்கிளில் இடித்து விழுந்தேன். "வானத்துல வழி தெரியுது, வீட்டுக்குள்ள தெரியலையாக்கும்" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 15
கண் டாக்டரம்மா அறையை இருட்டாக்கிவிட்டு, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. இருட்டில் பார்க்க உதவும் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றனவாம். பகலில் படிக்கலாம், சமைக்கலாம்.
"மருந்து?"
"இப்போதைக்கு இல்லம்மா."

மார்ச் 16
ஓட்டுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 18
"பகல் டியூட்டி மட்டும் கேட்டு வாங்கிக்கோ. யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார் இவர். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, அதுதான் வெட்கமாக இருக்கிறது. கறுத்த மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் பகலும் அப்படித்தானே? பின்னால் அத்தனை பேர் என்னை நம்பித் தூங்குகிறார்கள். இவருக்கு எப்படிப் புரியவைப்பது — கத்திட்டேன். "போகப்போறது உங்க வேலையா?"ன்னு கேட்டுட்டேன். பாவம், அவர் என்ன பண்ணுவார்.

மார்ச் 21
அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேலதிகாரி தன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 2
படுக்கையை விட்டு எழவில்லை. எழுந்து என்ன செய்ய?

ஏப்ரல் 30
அக்கா வீட்டுக்கு விமானத்தில் போனேன், பயணியாக. இருட்டியபின் தரையிறக்கம். இறங்கும் முன் உள்ளே விளக்குகளை அணைத்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் புத்தகத்தை மூடிவிட்டு, "படிச்சிட்டிருக்கும்போதே அணைச்சிட்டாங்க பாருங்க" என்று முணுமுணுத்தார்.
"ஏதாவது ஆச்சுன்னா இருட்டுல இறங்கி ஓடணும்ல. அதுக்கு முன்னாடியே கண்ணு பழகட்டும்னுதான்."
"அப்படியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"எங்கேயோ படிச்சேன்."
கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாங்க, இப்ப எல்லாமே தெரியுது" என்றார்.
சக்கரம் தரையைத் தொட்டது. மடியில் இருந்த என் கைகளை நான் இன்னும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன்.