பேனாட்டின் மூன்று விரல்கள்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
13.11.1998, இரவு ஒரு மணி

அன்பு மகன் துஷாந்த்,

இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி நிலாணியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அப்படி எழுதவே இன்றைக்குக் கை கூசுகிறது. நீ வன்கூவரிலிருந்து போனில் அழுததிலிருந்து நான் படுக்கவில்லை. மர ஆலையில் வேலை செய்யும் அந்தப் பேனாட் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார், மரம் அறுக்கும் வாள் நிற்கவில்லை, மூன்று விரல்கள் மரத்தூளுக்குள் விழுந்தன, கூட நின்றவர்கள் கையால் அரித்துத் தேடினார்கள், இரத்தம் சுவரெல்லாம் அடித்தது என்று நீ சொன்னது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்த வாளை ஓட்டும் புரோகிராமில் பிழை இருப்பதை நீ மூன்று கிழமைக்கு முன்னமே கண்டாய். அறிக்கையில் பதினான்காவது வரியாக எழுதினாய். கூட்டத்தில் மனேச்சர் எல்லாம் சரிதானே என்று கேட்டபோது ஓம் என்று தலையாட்டினாய். இப்போது பேனாட் கவனமில்லாமல் கை விட்டார் என்று கொம்பனி சொல்லப் பார்க்கிறது, திங்கட்கிழமை விசாரணையில் உன்னையும் கேட்பார்கள்.

உன்னைத் திட்டத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் அந்தத் தலையாட்டலைப் பழக்கியவள் நான். ஊரில் இராணுவச் சென்ரியில் அப்பா ஒரு சொல் கூடுதலாகச் சொன்னதற்குத் துவக்குப் பிடியால் வாயில் இடித்தார்கள், இரண்டு பல்லை அவர் உள்ளங்கையில் துப்பினார். உனக்கு அப்போது பதினைந்து வயது. உன் கழுத்தைப் பிடித்து, "என்ன கேட்டாலும் ஓம் ஐயா எண்டு மட்டும் சொல்லு, வேறை வாய் திறந்தால் நானே உன்னைக் கொல்லுவன்" என்றேன். பதினெட்டில் உன்னைப் பெற்று, பிறகு படித்துப் பட்டமும் எடுத்தவள், இங்கே வந்த பிறகாவது அந்தச் சொல்லை உன்னிடமிருந்து திருப்பி எடுக்க எனக்குத் தோன்றவில்லை. நீ வகுப்பில் கதைப்பதே இல்லை என்று ரீச்சர் சொன்னபோது பெருமையாகச் சிரித்தேன். நிலாணி மட்டும், "அண்ணா கொம்பியூட்டரோடை மட்டும்தான் சண்டை பிடிப்பான்" என்று பகிடி பண்ணுவாள். புரோகிராம் எழுதத் தெரிந்தால் போதும், வாய் எதற்கு என்று நானும் நம்பினேன். போதாது மகன். கண்ட பிழையை மற்றவனுக்கு உறைக்கச் சொல்வதும் உன் வேலையில் பாதி.

நீ எதையும் அடியிலிருந்து தொடங்கி, காரணமெல்லாம் விளக்கி, முக்கியமானதைக் கடைசியில் மெதுவாகச் சொல்லுவாய். விசாரணையில் அப்படிச் செய்யாதே. நான் பிழையைக் கண்டேன், உரத்துச் சொல்லவில்லை என்று முதல் வசனத்திலேயே சொல்லு. சின்னப் பிரச்சினை என்று பூசி மெழுகாதே, பொத்தானை அழுத்தியும் வாள் சுற்றுகிறது என்று சொல்லு. வேலை போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம், "உவன் ஏன் தானாய்ப் போய்த் தலையைக் குடுக்கிறான்" என்கிறார். போனால் போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேனாட்டின் முகத்தைப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் குரல் நடுங்காமல் வரட்டும்.

இன்னொன்று, அதே புரோகிராம் வேறு இரண்டு ஆலைகளிலும் ஓடுகிறது, இரவு வேலை பதினொரு மணிக்குத் தொடங்கும் என்றும் சொன்னாய். இதை நான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு நானும் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு மணி என்றால் அங்கே பத்து. கடிதம் வருகிறபோது வரட்டும், இப்போதே உனக்குப் போன் அடிக்கிறேன். எனக்கு ஒன்றும் விளக்காதே, போனை வைத்துவிட்டு அந்த ஆலைகளுக்கு அடி.

உன் அம்மா
ரதி