சாட்சி என்று எழுதாத கையெழுத்து

பழவேற்காடு
14-11-1983

அன்பு மகன் அப்துல் லத்தீபுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் நீ உடல் சுகத்தோடு வேளாவேளைக்குச் சாப்பிட்டு வர ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். இங்கு தங்கை சுராயா நலம். நானும் நலம் என்று எழுத இந்த முறை மனம் வரவில்லை. உன் உம்மாவின் வயிற்றுக் கட்டி ஆபரேஷனுக்கு டிசம்பர் பன்னிரண்டு என்று மதராஸ் டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதற்காக நீ அனுப்பிய ஆறாயிரத்தில் ஐந்தாயிரத்து ஐந்நூறு பேங்கில் இல்லை மகனே. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்த இரண்டு சீட்டிலும் என் கையெழுத்து இருக்கிறது.

பேங்கில் அந்தச் சீட்டுகளைப் பார்த்துத் தேதிகளைக் குறித்துக்கொண்டு வந்தபோது, நானே எடுத்துவிட்டு மறந்தேனோ என்றுதான் முதலில் பயந்தேன். டைரியைப் பார்த்தேன். முதல் சீட்டின் தேதியில் தோணிரேவில் ஒரு துக்கத்துக்குப் போய், காற்றில் படகு கிடைக்காமல் அங்கேயே தங்கியிருக்கிறேன். இரண்டாம் சீட்டின் தேதியில் காய்ச்சல். டைரியும் தப்பாக இருக்குமோ என்று சுராயாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், அவளும் அதையே சொன்னாள். பிறகுதான் என் மடத்தனம் புரிந்தது. கோட்டைக்குப்பத்துப் பெண்கள் வலைக் கடன் பணம் எடுக்கும்போது ரேகை வைப்பார்கள், அதன் கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன், உனக்குத் தெரியும். இறால் பருவத்தில் அவர்களுக்கு என்னிடம் வந்து நிற்க நேரமில்லை என்று, அவர்களைப் பொன்னேரிக்கு அழைத்துப்போகும் காட்டூர் சகாதேவன் வெற்றுச் சீட்டுகளைக் கொண்டுவந்தான். பதினைந்தில் கையெழுத்துப் போட்டேன். ரேகை விழுவதைப் பார்க்காமல் சாட்சி என்று எழுதுவது பொய்யாகுமே என்று அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை. அவனையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். உன் டிராப்டை வரவு வைக்க என் பாஸ்புக்கையும் அவனிடமே கொடுத்தேன். கேட்கும்போதெல்லாம், "புக்கு பேங்குலயே கீது வாத்யாரே, எழுதற ஆளு லீவு" என்று சொன்னான். இரண்டு மாதம் நம்பினேன். சாட்சி என்ற சொல் இல்லாத இரண்டு சீட்டை என் கணக்குக்கு நிரப்பிப் பணத்தை எடுத்துவிட்டான், இப்போது அவனும் ஊரில் இல்லை.

மறுபடியும் பேங்குக்குப் போனேன். மேனேஜர் சீட்டைத் திருப்பிக் காட்டி, கையெழுத்து உங்களுடையதுதானே என்றார். ஆமாம் என்றேன். வெற்றுச் சீட்டில் போட்டதையும் சொன்னேன். அதை எழுதிக் கொடுத்தால் விசாரிப்போம், ஆனால் மற்றச் சீட்டுகளையும் விசாரிக்க வேண்டிவரும், அதுவரை அந்தப் பெண்களின் அடுத்த தவணை நிற்கும் என்றார். எழுதாமலே வீடு திரும்பினேன். என் தப்புக்கு அவர்கள் வலை இல்லாமல் உட்காரலாமா? எழுதாவிட்டால் உன் உம்மாவை என்ன செய்வேன்? மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை.

நேற்று உன் உம்மாவும் சுராயாவும் வீட்டில் இல்லாத நேரத்தில், கோட்டைக்குப்பத்துப் பவுனம்மாள் மீன் கூடையோடு நேரே உள்ளே வந்துவிட்டாள். "இன்னா சாயபு வாத்யாரே, மூணு நாளா மூஞ்சியக் காட்ட மாட்டேன்ற? எல்லாம் தெரியும் எங்களுக்கு, பேங்குல சொன்னாங்க. படிச்சவன்னு பேரு, ஒரு வார்த்த எழுதறதுக்கு இன்னாத்துக்கு அம்மாம் யோசன? எங்க வல ஒரு மாசம் தாங்கும், பீவிம்மா வயிறு தாங்குமா? எழுது நீ. இத்தினி நாளு எங்க ரேகைக்கு நீ சாட்சி, இப்போ உனுக்கு நாங்க சாட்சி" என்று சொல்லிவிட்டு, மற்றப் பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். நடந்தது நடந்தபடியே புகாரை எழுதினேன். ஒன்பது பேர் ரேகை வைத்தார்கள். ஒவ்வொரு ரேகையும் விழுந்த பிறகு, அதன் பக்கத்தில் சாட்சி என்று என் கையால் எழுதினேன். எழுத்து கோணிப்போய்விட்டது.

இன்று கொடுத்துவிட்டேன். ஆனால் விசாரணைக்கு ஆறு மாதம் ஆகுமாம். பன்னிரண்டாம் தேதிக்கு இருபத்தெட்டு நாள்தான் இருக்கிறது. டிராப்ட் நம்பரும் தேதியும் குறித்து பேங்குக்கு நீ ஒரு கடிதம் போடு. உன் முதலாளியிடம் முன்பணம் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார். மகனிடம் இதை எழுதக் கூசுகிறது, வேறு வழி தெரியவில்லை. வாப்பா மேல் கோபம் வந்தால் எனக்குத் தனியாக எழுது. உம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் இதைப்பற்றி ஒரு வரியும் வேண்டாம், சுராயா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். உம்மா மதராஸுக்கென்று இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

அல்லாஹ் உன்னை எல்லா மோசத்திலிருந்தும் காப்பானாக. எதையும் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதே மகனே. நானும் இந்தத் தாளில் ஓரம்வரை எழுதி நிரப்பிவிட்டுத்தான் போடுகிறேன்.

உன் வாப்பா,
மு. ஷாகுல் ஹமீது