தெருவில் நின்றால்தான் சட்டம் வரும்

என் கோமதிக்கு,

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நீ இருந்தால் "ஆரம்பிச்சிட்டீயளா" என்று சிரிப்பாய். இருந்தாலும், சொல்லப்போவது இவை:

1. அந்த ஜூலையில் நம் கேட்டருகே நடந்தது.
2. சேகர் இப்போது எப்படி இருக்கிறான் என்பது.
3. அரசாங்கத்துக்கு நான் எழுதியிருக்கும் யோசனை.
4. மனநோயாளியை ஆஸ்பத்திரியில் அடைக்க ரத்த சொந்தம் ஒருவரின் கையெழுத்தே போதும் என்பது.

இதை இந்த மராட்டிய ஊரில் தமிழர்கள் நடத்தும் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். கோர்படியில் நம் தெருக்காரர்களும் படிப்பார்கள். "பெத்த பிள்ளையை வெளிய தள்ளிப் பூட்டினவ" என்று உன்னைப் பேசியவர்களும்தான். அவர்களுக்கு முழுதும் தெரியாது.

தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்று நம் மகன் சேகர் குழாயைத் திறக்கவிடாமல் காவல் இருந்தான். நீ ஒளித்து வைத்துக் குடித்த சொம்பைப் பிடுங்கி உன் நெற்றியிலேயே அடித்தான். ஆஸ்பத்திரிக்குச் சொன்னால், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வர மறுப்பவனை எப்படிக் கூட்டிப்போவது?

போலீஸ் சௌக்கியில் ஹவல்தார், பெரியவர்களைக் கூப்பிடுகிற 'காகா' போட்டுப் பொறுமையாகத்தான் விளக்கினார். "வீட்டுக்குள்ள இருந்தா அது உங்க வீட்டு விஷயம், காகா. கோர்ட்டுக்குப் போங்க. ரோட்டுல ஆதரவில்லாம திரிஞ்சா நாங்க தூக்கலாம்." நான் வந்து அதை ஒரு சொல் விடாமல் உன்னிடம் ஒப்பித்தேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"ஆதரவில்லாமன்னா? கால்ல செருப்பு இருக்கலாமா?"

நான் யோசித்துவிட்டு, "இருக்கக் கூடாதுன்னுதான் நினைக்கேன்" என்றேன்.

நீ அவனிடம் போய், "வெளிய லாரில நல்ல தண்ணி வந்திருக்குல. பால்டிய எடுத்துட்டு ஓடு" என்றாய். நாட்கணக்காக யாரையும் நம்பாதவன் உன்னை நம்பினான். வாளியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான். நீ கேட்டைப் பூட்டினாய்.

மழை. "அம்மா, லாரி இல்லம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "செருப்பாவது குடும்மா" என்றான். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக போலீஸ் வேன் வந்ததும் ஒரு போலீஸ்காரர் இந்தியில் கேட்டார், பால்டியையும் கைது பண்ண வேண்டுமா என்று. மேல்மாடிகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நம் பாஷைக்காரர்களும் இருந்தார்கள் அல்லவா?

இனி இரண்டாவது. கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் சேகர் வேலை செய்கிறான். மாத்திரையை விடுவதில்லை. பட்டறையில் அவனுக்குப் பெயர் பால்டி. யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் தம்பி சங்கர் அவனை வைத்துக்கொண்டே சொன்னான். "அக்கா தப்பிச்சிட்டா. அத்தான், உங்களுக்கப்புறம் இவன் மறுபடி ஆடினான்னா கொண்டு தள்ளிட்டுத் தலை முழுகிருவேன். எனக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்கு." அப்போது சேகர் சங்கரின் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தான். சிந்தாமல் ஊற்றினான்.

மாநில அரசு இதற்கான விதிகளைத் திருத்தப்போகிறதாம். பொதுமக்களிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். டாக்டரும் நர்ஸும் வீடு தேடி வர வேண்டும், காக்கி வரக் கூடாது, சட்டத்துக்காக யாரையும் தெருவில் நிறுத்தும் நிலை இருக்கக் கூடாது என்று எழுதினேன். கடைசியாக, மேலே நான்காவதாகப் போட்டிருப்பதைச் சேர்த்தேன். கோர்ட்டும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம், பெற்றவளைப் போல் ரத்த சொந்தம் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். அது அன்றைக்கு இருந்திருந்தால் நீ அந்தக் கேட்டைப் பூட்டியிருக்க வேண்டியதில்லை. உனக்காகவே எழுதியது அது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நேற்று சேகர், நான் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்த அந்த யோசனையைப் படித்தான்.

"அப்பா, ரத்த சொந்தம்னா... உங்களுக்கப்புறம் யாரு?"

அவனே அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டு சொன்னான்.

"சங்கர் மாமாதானே? அம்மா பூட்டினா. ஆனா ஒவ்வொரு சண்டேயும் வந்தா. ஆஸ்பத்திரிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, பாட்டில் தண்ணிய முதல்ல தான் குடிச்சிட்டு எனக்குக் குடுத்தா. மாமா சைன் போடுவாரு, வர மாட்டாரு. பேப்பர்ல ரெண்டு சைனும் ஒண்ணுதான், இல்லையா?"

காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு மாத்திரை போட எழுந்து போனான்.

கோமதி, யோசனையிலிருந்து அதை அடித்துவிட்டேன். யார் கையெழுத்துப் போட்டாலும், அதனால் ஆதாயமோ நஷ்டமோ இல்லாத ஒருவர் போய் அந்த நோயாளியையே கேட்க வேண்டும், உள்ளே வைத்த பிறகும் திரும்பத் திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறேன். தபாலில் போட மாட்டேன். நானே நேரில் போய் வாசித்துக் கொடுப்பேன். கேட்பார்களா என்று தெரியாது.

இந்தக் கடிதத்தின் தலையில் உள்ள நான்காவதை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். நீ பார்க்க வேண்டும். அது தவறு. எழுதும்போது உன் முகம் மட்டும்தான் என் முன்னால் இருந்தது. கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் நீ இல்லை.

இப்படிக்கு,
சேகருக்கு இன்னும் இருக்கிற அப்பா