மாடியில் காய்ந்த மாவு நட்சத்திரங்கள்

மேல் வீட்டு ஜெசிந்தா, என் செல்லமே,

இந்த வருஷம் ஒரு நட்சத்திரம்கூட வளையவில்லை! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் வீட்டுக் கூடத்தில் சவுக்குக் கிளை நிற்கிறது. கிளையே தெரியாத அளவுக்கு மாவு நட்சத்திரமும் மணியும் பிறையும் தொங்குகின்றன. ஃபேனைப் போட்டால் ஒன்றோடொன்று மோதி டொக் டொக்கென்று சத்தம் போடுகின்றன. உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ கண்ணை மூடிய மாசியிலிருந்து உன் வீட்டுக்காரர் மைக்கேல் கிண்டி ஒர்க் ஷாப்புக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். அவ்வளவுதான். மார்கழி பிறப்பதற்கு முன்பே சாந்தோம் பக்கமெல்லாம் காகித நட்சத்திரம் ஏறிவிட்டது. நம் மந்தைவெளித் தெருவிலும் இரண்டு வீட்டில் கட்டியாயிற்று. உங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. படியில் பார்த்தபோது கேட்டுவிட்டேன்.

"இந்த வருஷம் ஒண்ணும் வேணாம்க்கா. யாருக்குப் பண்றது?" என்றார். சட்டைப் பையில் எதையோ தேடுவது போலப் பாவனை செய்துகொண்டே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து உன் பெண் ஷீலா கீழே வந்தாள். காலேஜ் விட்டு வந்த கையோடு, பையைக்கூட இறக்கவில்லை.

"ஆன்ட்டி, அம்மா மாவுக்கு எவ்ளோ உப்பு போடுவாங்க?"

களைந்துகொண்டிருந்த அரிசியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"ரெண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு. ஏன்டி, அப்பாக்குத் தெரியுமோ?"

"தெரியாது. உங்க வீட்ல வச்சுப் பண்ணலாமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லேன்? துக்க வருஷம், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாமல் செய்வது நியாயமா? ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு எந்த நியாயத்தைப் பேசுவது? "கையை அலம்பிண்டு வா" என்று சொல்லிவிட்டேன்.

நீ முதன்முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து, என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிசைந்தாயே, அதே இடத்தில்தான் உட்கார்ந்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் தட்டை என்று நினைத்து ஒரு பிறையை எடுத்துக் கடித்த கதையைச் சொன்னேன். ஷீலா சிரித்த சிரிப்பில் மைதா எல்லாம் பறந்தது. பவுடர் டப்பா மூடியால் வட்டம் வெட்டினோம், கத்தியால் நட்சத்திரம். நூல் கோக்க, தீர்ந்துபோன பேனா ரீஃபிலால் ஓட்டை. அவள் பிசையும்போது பார்த்தேன். உன்னைப் போலவே நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்கிறாள்.

சாயங்காலமாகியும் நல்ல வெயில் இருந்தது. பழைய வேட்டியை விரித்து மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவாக எல்லாவற்றையும் பரப்பிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை காப்பி போட்டுவிட்டு, காய்ந்திருக்கிறதா பார்க்கலாமென்று மாடி ஏறினேன். தொட்டிக்குப் பின்னால் யாரோ குந்தியிருந்தார்கள். மைக்கேல்! வேலைக்குப் போகிற காக்கிச் சட்டையோடு. எல்லாவற்றையும் அள்ளி வீசப்போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் வீசவில்லை, ஜெசிந்தா. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஷீலா துணில மாவப் பாத்தப்பவே புரிஞ்சிடுச்சு. இன்னாக்கா, ரெண்டு பேரும் திருப்பாம அப்படியே வச்சுட்டுப் போய்ட்டீங்க? ஒரு பக்கமே காய்ஞ்சா வளைஞ்சிடும்ல?"

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் நான்தானே திருப்பிப் போடுவேன். அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி வந்து போட்டுட்டு, அப்படியே டூட்டிக்குப் போயிடுவேன்."

கேட்டாயா? 'என் கைராசிக்கா, முக்காவாசி வளையவே வளையாது' என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்வாயே! நானும் நம்பி, உன் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அங்கங்கே ஒன்றிரண்டு வளைந்ததே, அது அவர் அவசரத்தில் விட்டுப் போனதாம்.

"அவகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா அந்தச் சந்தோஷம் போயிடும்க்கா" என்றார். கையில் இருந்த நட்சத்திரத்தை ஊதித் தூசி தட்டினார். "ஷீலா கேட்டுச்சா இத?"

தலையாட்டினேன். அவர் அந்த நட்சத்திரத்தைத் திருப்பி வைத்தார். அடுத்த வரிசையைத் திருப்ப ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். காப்பி ஆறியே போயிற்று.

மறுநாள் மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. பண்டிகைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அப்பாவுக்குத் தெரிந்துபோனதை அதற்குள் ஷீலாவிடம் சொல்லியிருந்தேன்; மூன்று பேரும் மாடிக்கு ஓடினோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்லவேளை மைக்கேல் வீட்டில் இருந்தார். வேட்டியின் நாலு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நனையவில்லை. ஆனால் அந்த ஈரக் காற்றில் மாலைக்குள் எல்லாம் பிசுபிசுத்துப் போயிற்று. ஒரு மணியின் காம்பு என் கையோடு வந்துவிட்டது. ஷீலா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மைக்கேல்தான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஏய், அழுவாத. ராயப்பேட்டைல பேக்கரி வச்சிருக்கான் நம்ம தோஸ்து. எல்லாத்தையும் தட்டுல அடுக்கு."

கொட்டுகிற மழையில் அப்பாவும் பெண்ணும் ஒரு ஸ்கூட்டரில். தட்டின் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் அவருடைய ரெயின் கோட்டு. அவர் தொப்பலாக நனைந்துகொண்டு போனார். நான் விடுவேனா? மீதித் தட்டோடு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன்.

பேக்கரிக்காரர் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா நைனா இது, பிஸ்கோத்தா?"

"துன்ற ஐட்டம் இல்லப்பா. மரத்துல மாட்டறது. என் சம்சாரம் ஜெசிந்தா செய்யும். இந்த வருஷம் நாங்க செய்யறோம்."

மாசிக்குப் பிறகு உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான். ஷீலா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொட்டி எறங்கட்டும். அப்பால அடுப்புல சூடு கம்மியா இருக்கும், உள்ள வச்சுத் தர்றேன்" என்றார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சூடான பன் தின்றோம். எனக்கு மொறுமொறுவென்று வரிக்கி பிஸ்கட்டும் கொடுத்தார்கள், முட்டை இல்லாதது என்று சத்தியம் செய்து.

கல் மாதிரி இறுகி வந்தன, ஜெசிந்தா! தட்டினால் ஓடு மாதிரி சத்தம். சிவப்பும் பச்சையும் பூசினோம். ஓரத்துக்குத் தங்க நிற நெயில் பாலிஷ். மைக்கேலும் புதிதாக மாவு பிசைந்து, தானே ஒரு தேவதை செய்வேனென்று அடம் பிடித்தார்.

"அப்பா, இது தேவதையா? வாத்து மாதிரி கீது!" என்று ஷீலா வேண்டுமென்றே தெரு பாஷையில் கத்தினாள்.

"வாத்துக்கும் ரெக்கை இருக்குல்ல? மாட்டு!"

அந்த வாத்துத் தேவதைதான் இப்போது கிளையின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. இன்று கிறிஸ்துமஸ். காலையிலிருந்து குடியிருப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் மாடியேறிப் பார்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் இந்த முறை எதையும் கடிக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டே சுற்றி வந்தார். இதை எழுதும்போது மேலே இருவரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் என் சமையலறை வரை இறங்கி வருகிறது. உனக்குக் கேட்கிறதா?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என்றைக்காவது அந்தச் சிரிப்புச் சத்தம் நின்றுபோனால், யாரும் கூப்பிடும்வரை காத்திருக்க மாட்டேன். பண்டிகையோ இல்லையோ, மைதாவும் உப்புமாக மாடியேறிப் போய்க் கதவைத் தட்டுவேன். திறக்கும்வரை தட்டுவேன். இது உன்மேல் சத்தியம்.

கீழ் வீட்டிலிருந்து,
உன்னோடு பிறக்காத உன் அக்கா,
கல்யாணி