முகத்துக்கு லைட் போதாது என்ற அண்ணனுக்கு

இன்று காலை ஷைனி சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, தன் புதுக் கேமராவின் லென்ஸைக் கழற்றி வைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தாள். என் இளைய மகளின் மகள் அவள். பூவாரில் படகில் வரும் கல்யாண ஜோடிகளைப் படம் எடுப்பது வேலை. எட்டிப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி இல்லை. உன் ஸ்டூடியோ கேமராவுக்குள் சாய்ந்து நிற்குமே, ஒவ்வொரு படத்துக்கும் டப்பென்று துள்ளுமே, அது இல்லை. சதுரமாக ஒரு தகடு மட்டும் பளபளத்தது. உடனே உன் நினைப்பு வந்தது. பாசத்தில் இல்லை, அண்ணா.

நீ உயிரோடு இருந்தவரை மரியாதை வைத்தே பேசினேன். இனி நீ தான்.

ரூபிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஆலயத்திலிருந்து நேரே பாறசாலைக்கு, உன் ஸ்டூடியோவுக்கு வந்தோம். என் தலைப்பிள்ளை. வெள்ளைக் கவுனும் தொப்பியும் போட்டிருந்தாள். அவளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். நீ கேமராவில் கண்ணை வைத்துவிட்டு நிமிர்ந்தாய்.

"எட்டி, ஒனக்க மொகத்துக்கு லைட் போதாது. வெள்ள உடுப்புக்குப் பக்கத்துல நீ இருந்தா படம் பாழாக்கும். பிள்ளைய மைனிகிட்ட குடு."

மைனி உன் மனைவி. நல்ல வெள்ளை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துச் சங்கிலியை எடுத்து வெளியே விட்டாள். "கரியும் சுண்ணாம்பும் ஒரே பிலிமில வருமா?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். என்னைக் கட்டினவரும் சிரித்தார். அதையும் நான் மறக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் ரூபியைக் கொண்டுபோனது. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு படம். ஒரு நாள் கத்தரிக்கோல் எடுத்து மைனியை வெட்டி அடுப்பில் போட்டேன். பிள்ளையின் வயிற்றைச் சுற்றியிருந்த அவள் கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் பிள்ளையும் போய்விடும். இன்றும் என் மகள் அந்த வளையல் போட்ட கைக்குள்தான் இருக்கிறாள்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஷைனியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உன் கட்டிலில், உனக்குச் சற்று முன்னால் உட்கார்ந்தேன். பழைய ஆசை விடவில்லை உனக்கு. கண்ணாடி இல்லாத கேமரா என்று ஷைனி சொல்ல, அதைக் கையில் வாங்கிப் பார்த்தாய்.

"கண்ணாடி இல்லாம பின்ன எப்பிடி மக்கா தெரியும்?"

"உள்ள குட்டித் திரை ஒண்ணு உண்டு தாத்தா. படம் எப்பிடி வருமோ, எடுக்குறதுக்கு முன்னயே காட்டும். இந்தச் சக்கரத்தத் திருப்புங்க, வெளிச்சம் கூடும்."

"அப்போ எனக்க மொகத்தப் பாருங்க அண்ணா," என்றேன். "வருதா?"

விளக்குப் போடாத அறை. நீ சக்கரத்தை உருட்டினாய், மறுபடியும் உருட்டினாய். என் முகத்தை நீ அவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது.

"வருது," என்றாய்.

"அண்ணைக்கு வராதுன்னு சொன்னியளே?"

"அது பிலிமாக்கும்."

ஷைனி ஒன்றும் அறியாமல் சொன்னாள்: "பிலிமிலயும் வரும் தாத்தா. லைட்ட பாட்டி பக்கம் தள்ளி வெச்சா போதும். ஒங்களுக்குத் தெரியாததா?"

நீ கேமராவை அவளிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்தாய்.

நான் அவள் பக்கம் திரும்பினேன், அந்த நேரம் பார்த்து அவள் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துவிட்டாள். சத்தமே போடாத கேமரா, உனக்குத் தெரியாது. அது ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்துக் கட்டம் போடும். கண் நகர்ந்தால் கட்டமும் கூடப் போகும். கட்டம் விழுந்த முகம்தான் தெளிவாக வரும். உன் கண் கீழே கிடந்தது. அதனால் அது என் கண்ணைப் பிடித்துக்கொண்டது. அந்தப் படத்தில் என் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. பின்னால் நீ கொஞ்சம் மங்கல்.

நீ போன அன்று உன் மகன் ஸ்டான்லி ஓடி வந்தான். ஊரையெல்லாம் படம் பிடித்த உனக்கு ஒரு நல்ல படம் கிடையாது.

"மாமி, ஷைனி எடுத்த படத்தத் தரணும். அப்பாவ மட்டும் வெட்டி எடுத்துக்கிடுதேன்."

"வெட்டப்பிடாது. முழுசா மாட்டுவியா, கொண்டுபோ. இல்லேன்னா அடையாள அட்டையில உள்ளத மாட்டு."

"சாவு வீட்டில ரெண்டு பேரு படம் வெச்சா, நீங்களும் செத்தாச்சுன்னாக்கும் ஆளுக நெனைப்பாவ!"

"நெனைக்கட்டும் மக்கா."

இப்போது உன் வீட்டு ஹாலில் நான் தொங்குகிறேன், உனக்கு முன்னால். மைனி காலையும் மாலையும் ஜெபத்துக்கு என் முகத்தைப் பார்த்துத்தான் கண்ணை மூடுகிறாள்.

"இனி போதுமா பாட்டி?" என்று, பிறகு எல்லாம் அறிந்த ஷைனி கேட்டாள். போதாது. என் இடது இடுப்பில் ரூபியின் கனம் இன்னும் இருக்கிறது. அதை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. எடுக்க முடிந்த ஒரே நாளில் நீ எடுக்கவில்லை.

நீ போயிருக்கும் இடத்தில் ரூபி இருப்பாள். நான் வரும்போது அவளுக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டும். 'உன் அம்மா கறுப்பு' என்று அவளிடம் போய்ச் சொல்லு. அதைச் சொல்லாமல் அவள் முகத்தில் விழிக்காதே.