தண்ணியில நிக்கிற நெல்லு

குரல் பதிவு, நிலாப் பயிர்க்கூடம்
ஆடி 9, காலை 6.10

…அதான் சொல்லுதேன், இதைக் கேக்கிறவுக யாரா இருந்தாலும் சரி, மண்ணில்லாம நெல்லான்னு சிரிக்காதீய. நானும் சிரிச்சவதான். குழாய்ல ஓட்டை, ஓட்டையில நாத்து, வேரு தொங்குறது சத்துத் தண்ணியில. அம்புட்டுத்தான் வெவசாயம். எம்பேரு ஆவுடையம்மா. இங்க நானும் எங்க அண்ணன் மவன் திரவியமும் மட்டுந்தான். அவன் இஞ்சினியரு, நான் பயிருக்கு. திங்கிற சோறும் இழுக்கிற மூச்சும் இந்தப் பயிரு குடுக்கதுதான். இன்னைக்குக் கதிரு எட்டிப் பாக்குது. முருகன் புண்ணியம்.

ஆடி 11, மதியம் 1.40

வேரு அழுகிப் போச்சு. தொட்டா கொழகொழங்குது, நாத்தம் வேற. பூமியில இருந்து சொல்லிட்டாவ: "தண்ணி முழுசும் மாத்துங்கம்மா. இல்லன்னா பயிர் தங்காது." மாத்துறதுக்கு ஆத்துக்கா ஓடுவேன்? வெளிய பள்ளத்துல பனிக்கட்டி கெடக்கு. வெட்டி எடுத்தாந்து உருக்கணும்.

ஆடி 12, பகல் 3.05

திரவியம் பனிப்பெட்டியத் தூக்கிட்டு பின்வாசல் வழியா எறங்கிட்டான். போற போக்குல ரேடியோவுல நக்கலு: "அத்தே, நான் வாரதுக்குள்ள நெல்லுக்குத் திருநீறு பூசி வைக்காத. உடுப்புல காத்து எட்டு மணி வரைக்கும் இருக்கு, அதுக்குள்ள வந்துருவேன்." பூசிட்டேன்னு சொல்லல.

மாலை 6.50

அவன் ரேடியோ செத்துப் போச்சு. பூமிக்காரவுகளும் கெடைக்கல. இலை ஒண்ணொண்ணா மடங்குது. வேரு காத்து வாங்கட்டும்னு விசிறியெல்லாம் போட்டுவிட்டேன், ஒரே இரைச்சலு, வேற ஒண்ணுங் காதுல விழல. உடுப்ப மாட்டிக்கிட்டு வெளிய போவ எனக்குத் தெரியாது. முருகா, புள்ளயக் கொண்டாந்துரு. நெல்லு போனாப் போவுது.

இரவு 8.25

மணி எட்டு தாண்டிருச்சு. கும்பிட்டுக்கிட்டே இருக்கேன். இப்பத்தான் பூமிக் குரலு வந்துச்சு: "அம்மா, திரவியம் உங்க பின்வாசல்லதான் நிக்கிறார். கருவியில தெரியுது. ஏழு மணியில இருந்து அந்த இடத்த விட்டு நகரல. ஏன் உள்ள வரல?"

வாசல்லயா? வந்துட்டானா? பெறவு ஏம்ல வரல… பொழுதடையில பேட்டரி வெளக்கு வச்சேன்லா… வெளக்கு வைக்கையில பின்கதவு தாழ் போடாம கெடந்தா லட்சுமி போயிருவாளேன்னு…

அய்யோ. உள்தாழ்ப்பாளப் போட்டதே நாந்தான்.