முதுகில் ஒரு முள்கம்பிக் கீறல்

என் செல்லம் முரளி,

அப்பா எழுதுகிறேன். எட்டாவது தாண்டாத கையெழுத்து, பொறுத்துக்கொள்.

பாலாற்றில் முழங்கால் தண்ணீர் வந்தாலே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கிற வீரன் நான். எனக்குப் போய், கடலுக்கடியில் வேலை செய்கிற பிள்ளை! ஆம்பூர் டீக்கடை பூராவும் பீற்றிக்கொண்டேன். "தோல் பதனிடுற ஷாப்பு நாத்தம் என்னோட போவட்டும்டா" என்று உன்னை அனுப்பியதும் நான்தானே?

கடைசியாகப் போனில் சொன்னாய்: "பழைய சண்டையில குண்டு போட்டு மூழ்கடிச்ச எண்ணெய்க் கப்பல்பா. துண்டு துண்டா செதறிக் கெடக்குது. அடியில கண்ணே தெரியாது. நீ தோல தடவிப் பாக்குற மாதிரிதான், தடவிப் பாத்து இரும்ப அறுக்கணும்."

"அப்போ உனக்கும் என் சம்பளந்தான்" என்று சிரித்தேன். சிரித்தேன், முரளி.

கப்பலின் இரும்புச் சுவர் சரிந்து நீயும் உன்னோடு இறங்கிய நெமிலி குமாரும் போனீர்கள். கிடைத்தது ஓர் உடம்புதான். யாருடையது என்று தெரியாமல் இரண்டு அப்பன்களையும் சென்னைப் பிணவறைக்குக் கூப்பிட்டார்கள்.

முகத்தை மீன் விட்டுவைக்கவில்லை. குமாரின் அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னால ஆவாதுண்ணா. நீயே பாத்து சொல்லிடு."

முப்பது வருஷமாகத் தோலைப் புரட்டி, குறை பார்த்து, தரம் பிரிக்கிறவன். அங்கேயும் அதே வேலை.

பத்து வயதில் மாந்தோப்பு முள்கம்பி உன் முதுகைக் கிழித்தது. மருந்து போட்டுக்கொண்டே, "கம்பிக் கீறல் விழுந்துட்ச்சி, இனிமே நீ மூணாந்தரம்டா" என்றேன். காயத்துக்கு அழாத நீ அதற்கு அழுதாய்.

உடம்பைத் திருப்பச் சொன்னேன். இரண்டு தடவை தடவினேன். கீறல் இல்லை. சுத்தமான முதுகு. முதல் தரம்.

என் பிள்ளைதான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முன்னால் உட்கார்ந்து அழ உன் அம்மாவுக்கு ஏதாவது வேண்டாமா? ஆனால் வெளியே வந்து குமாரின் அப்பாவிடம், "உன் புள்ளதான்ப்பா" என்றேன்.

அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் புள்ளயாவது உசுரோட இருப்பான்ணா" என்றார். அதைக் கேட்டுவந்து வீட்டில் சொன்ன முட்டாளும் நான்தான். உன் அம்மா நாலு மாசமாகப் போனைச் சார்ஜிலிருந்து எடுப்பதில்லை. அவளிடம் இன்னா சொல்ல?

கப்பலின் மீதித் துண்டுகளிடையிலும் ஆள் இறக்கித் தேடுகிறார்களாம். எது கிடைத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எத்தனை தடவையானாலும் வருவேன். முகம் வேண்டாம்டா. முதுகைக் காட்டு, போதும்.

மூணாந்தரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உன் அப்பா